தமிழகக் கத்தோலிக்க மரச் சுரூபங்கள்: தோற்ற மரபும் மரத்தின் சான்றும் – மெக்சிகோ ஒப்பீட்டில் ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழகக் கத்தோலிக்கத் திருத்தலங்களில் வழிபடப்பெறும் பழைய மரச் சுரூபங்களைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் அவை எங்கிருந்து, எவ்வாறு வந்தன என்னும் தோற்ற மரபோடு நின்றுவிடுகின்றன. தூத்துக்குடிப் பனிமய மாதா, கோணான்குப்பம் பெரியநாயகி மாதா ஆகிய இரு சுரூபங்களைப் பற்றிய மரபுகளை மெக்சிகோவின் பழைய கோயில்களிலுள்ள மரப் புனிதர் உருவங்களோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது. தோற்ற மரபு சுரூபத்திற்கும் ஊருக்கும் உள்ள உறவின் வரலாறு. சுரூபத்தின் சொந்த வரலாறு அதன் மரத்திலும் வண்ணப் பூச்சிலும் பதிந்துள்ளது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொண்டதால் முன்னதற்கு உரிய மதிப்பும் பின்னதற்கு உரிய பாதுகாப்பும் கிட்டவில்லை என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச் சொற்கள்

மரச் சுரூபம், பனிமய மாதா, பெரியநாயகி மாதா, வீரமாமுனிவர், மணிலா, மெக்சிகோ, தோற்ற மரபு, புதுப்பித்தல், மரச் சிற்பம்.

முன்னுரை

தமிழகச் சிற்பக்கலை ஆய்வு கல்லையும் செம்பையும் மையமாகக் கொண்டு வளர்ந்தது. மரம் அவ்வாய்வில் தேர், வாகனம், கதவு, தூண் என்னும் துணைநிலைப் பொருள்களின் வழியாகவே பெரிதும் பேசப்படுகிறது. திருக்கோவலூர் உலகளந்த பெருமாள், காஞ்சி அத்திவரதர் போன்ற மரத் திருமேனிகள் விதிவிலக்காக அறியப்பெறுகின்றன. 2019 ஆம் ஆண்டில் அத்திவரதர் குளத்திலிருந்து எழுந்தருளிய 48 நாட்களில் திரண்ட மக்கள் கூட்டம் மரத் திருமேனிக்கு மக்கள் மனத்தில் உள்ள இடத்தைக் காட்டிற்று. எனினும் மரத்தை ஊடகமாகக் கொண்ட வழிபாட்டு உருவங்களைப் பற்றிய முறையான ஆய்வு தமிழில் அதனால் பெருகிவிடவில்லை.

இக்குறை கத்தோலிக்கச் சுரூபங்களின் திறத்தில் இரட்டிப்பாகிறது. கலை வரலாற்று ஆய்வாளர் அவற்றை அயல்நாட்டு இறக்குமதி எனக் கருதி விலகுகின்றனர். சமய வரலாற்று ஆய்வாளரோ அவற்றைப் பண்பாட்டு ஏற்பின் எடுத்துக்காட்டுகளாக எடுத்தாள்கின்றனர். உருவம் எம்மரத்தால் ஆனது, எத்தனை முறை வண்ணம் பூசப்பெற்றது, எக்காலத்தில் எவ்வுறுப்பு மாற்றப்பெற்றது என்னும் வினாக்கள் எழுவதில்லை. திருவிழா மலர்களும் தலவரலாற்று நூல்களும் தோற்ற மரபைத் தொடர்ந்து அச்சிடுகின்றன. ஆய்வேடுகள் அவற்றை மேற்கோளாக்குகின்றன. பின்வரும் மலர்கள் ஆய்வேடுகளையே சான்றாகக் காட்டுகின்றன. இச்சுழற்சிக்கு வெளியே நிற்கும் ஒரே சாட்சி சுரூபத்தின் மரம். மெக்சிகோ நாட்டு ஆய்வு அச்சாட்சியை விசாரிக்கும் முறையை வளர்த்திருப்பதாலும், மணிலா துறைமுகத்தின் வழியாக மெக்சிகோவும் தமிழகக் கடற்கரையும் உண்மையிலேயே தொடர்புற்றிருந்ததாலும் இவ்வொப்பீடு பொருத்தமுடையதாகிறது.

சுரூபம் என்னும் சொல்

வழிபாட்டு உருவத்தைக் குறிக்கத் தமிழ்க் கத்தோலிக்கர் கொண்ட சொல் தனித்துக் கருதத்தக்கது. கோயில் மரபில் வழங்கும் ‘திருமேனி’, ‘விக்கிரகம்’ என்னும் சொற்களை விடுத்து ‘சுரூபம்’ என்னும் சொல்லை அவர்கள் வழக்கில் நிறுத்தினர். ‘விக்கிரகம்’ சமயவாத நூல்களில் மறுக்கப்பட வேண்டிய பொருளின் பெயராயிற்று. ‘தன் வடிவம்’ என்னும் பொருளுடைய ‘சுவரூபம்’ திரிந்து சுரூபமாகி ஏற்கப்பட்ட பொருளின் பெயராயிற்று.

இத்தேர்வின் பின்னணியில் இறையியல் உண்டு. 1563 டிசம்பரில் திரெந்துப் பொதுச்சங்கம் உருவ வணக்கம் குறித்து வகுத்த முடிவின்படி, உருவத்திற்குச் செய்யும் மரியாதை அவ்வுருவம் சுட்டும் புனிதருக்கே சென்று சேரும். உருவத்தினுள் தெய்வ ஆற்றல் உறைவதாகக் கருதலாகாது. இக்கோட்பாட்டை இறுதிவரை கொண்டு சென்றால் ஒரு சுரூபத்தின் இடத்தில் மற்றொன்றை வைப்பதில் தடையில்லை. மரம் பழுதானால் சுண்ணச்சாந்து உருவமும், அதுவும் பழுதானால் கண்ணாடியிழை உருவமும் அதே பணியைச் செய்யும்.

மக்களின் வழிபாடு அவ்வாறு ஒழுகுவதில்லை. பனிமய மாதா என்று தூத்துக்குடி மக்கள் அழைப்பது அப்பீடத்தில் உள்ள அந்த உருவத்தைத்தான். அதே அளவில், அதே முகத்தோடு செய்த நூறு படிகள் இல்லந்தோறும் இருந்தாலும் தேரில் ஏறும் உருவம் ஒன்றே. இவ்வாறு கோட்பாடு உருவத்தைச் சுட்டியாக மட்டும் காண, வழிபாடு அதனை ஈடற்ற ஒன்றாகக் காண்கிறது. இவ்விரு நோக்குகளுக்கும் இடையிலான இழுபறியிலேயே மரச் சுரூபங்களின் வரலாறு நிகழ்கிறது.

தூத்துக்குடி: 1555 உம் மணிலாவும்

பனிமய மாதா சுரூபம் 1555 ஆம் ஆண்டில் ‘சாந்தா எலேனா’ என்னும் கப்பலில் மணிலாவிலிருந்து தூத்துக்குடி வந்து சேர்ந்தது என்பது பரவலாக வழங்கும் மரபு. புனித பிரான்சிசு சவேரியாரின் வேண்டுகோளோடும் அகுஸ்தீனார் சபையோடும் அதனை இணைத்துச் சொல்வதும் உண்டு. போர்த்துக்கேய மொழியில் பனியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த ‘தஸ்நேவிஸ் மாதா’ என்னும் பெயரும் இன்றளவும் வழக்கில் உள்ளது.

இம்மரபில் காலமுரண் ஒன்று உள்ளது. ஸ்பானியர் பிலிப்பைன்சுத் தீவுகளில் தம் முதல் நிலையான குடியேற்றத்தைச் செபுவில் அமைத்தது 1565 ஆம் ஆண்டில்; லெகாஸ்பி மணிலாவை ஸ்பானிய நகராக நிறுவியது 1571 இல். 1555 இல் மணிலா முசுலிம் ஆட்சியாளரின் கீழ் இருந்த துறைமுகம். அந்நாளில் அங்குக் கத்தோலிக்கக் கோயிலோ துறவியர் இல்லமோ சுரூபம் செதுக்கும் பட்டறையோ இல்லை. ஆகவே 1555, மணிலா என்னும் இரண்டும் ஒருங்கே உண்மையாதல் இயலாது.

இம்முரணைக் கண்ட அளவில் மரபு முழுவதையும் தள்ளிவிடுதல் எளிது. முரணைக் காணாதவாறு மரபை மீண்டும் அச்சிடுதல் அதனினும் எளிது. இரண்டும் ஆய்வாகா. மரபின் உறுப்புகளைத் தனித்தனியே பிரித்துப் பார்க்கும்போது கருதத்தக்க செய்தி ஒன்று புலப்படுகிறது. 1542 நவம்பரில் மெக்சிகோவின் மேற்குக் கரையிலிருந்து புறப்பட்ட வில்லலோபோசின் கப்பற்படையில் அகுஸ்தீனார் சபைத் துறவியர் நால்வர் இருந்தனர். பிலிப்பைன்சுக்கு அப்பெயரின் மூலவடிவம் கிடைத்ததும் அப்பயணத்திலேயே. படை சிதைந்து போர்த்துக்கேயரிடம் சரணடைந்தபின், 1546 இல் அம்போயினாத் தீவில் வில்லலோபோஸ் இறந்தார். அப்போது அவருக்குத் துணைநின்றவர், முத்துக்குளித்துறையில் பணியாற்றிவிட்டு அங்குச் சென்றிருந்த சவேரியார். எஞ்சியோர் போர்த்துக்கேயக் கப்பல்களில் கோவா நோக்கிக் கொண்டுவரப்பட்டனர். அப்படையோடு மெக்சிகோவிலிருந்து வந்த கொஸ்மே தெ தோரஸ் என்னும் குரு கோவாவில் இயேசு சபையில் சேர்ந்து 1549 இல் சவேரியாருடன் சப்பான் சென்றார்.

சவேரியார், அகுஸ்தீனார், பிலிப்பைன்சு என்னும் மூன்று பெயர்களும் 1555 க்கு முன்னரே ஒரு நிகழ்வில் மெய்யாகவே சந்தித்திருக்கின்றன. இதனால் சுரூபம் அப்படையோடு வந்தது என்று நிறுவப்படுவதில்லை. மரபு வெறுங்கற்பனையாகப் பிறந்திராமல், பல காலத்து நினைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து உருவாகியிருக்கலாம் என்னும் கருதுகோளுக்கு அது இடந்தருகிறது. 1580 முதல் 1640 வரை போர்த்துக்கல்லும் ஸ்பெயினும் ஒரே மன்னரின் கீழ் இருந்தமையும் இங்கு நினைக்கத்தக்கது. அக்காலத்தில் மணிலாவின் சீனச் சிற்பிகள் செதுக்கிய தந்த உருவங்களும் மர உருவங்களும் புகழ்பெற்றன. மணிலா ஆயர் சலசார் 1590 இல் மன்னருக்கு எழுதிய மடலில் அவர்களின் தந்தக் குழந்தையேசு உருவங்களைப் பாராட்டுகிறார். மணிலாவின் பெயர் சிறந்த சுரூபத்தின் பிறப்பிடமாக நிலைபெற்றபின், முன்பே கோவா வழியாகவோ வேறு வழியாகவோ வந்த ஓர் உருவத்திற்கும் அப்பெயர் ஏறியிருக்கலாம்.

ஊர்ப்பெயர் பொருளின் வரவைக் குறிக்கும் அடையாக மாறுவது தமிழுக்குப் புதிதன்று. தென்னமெரிக்கப் பயிராகிய நிலக்கடலை வட தமிழகத்தில் ‘மணிலாக்கொட்டை’ என்றும், அது மருவி ‘மல்லாட்டை’ என்றும் வழங்குகிறது. அங்கு மணிலா என்பது விளைந்த நிலத்தைச் சுட்டவில்லை. வந்த வழியைச் சுட்டுகிறது. சுரூப மரபிலும் அச்சொல் அவ்வாறே தொழிற்பட்டிருக்கக்கூடும்.

கோணான்குப்பம்: காட்டில் கிடைத்த சுரூபம்

கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பம் வீரமாமுனிவரோடு இணைந்த ஊர். 1680 இல் இத்தாலியில் பிறந்து 1711 முதல் மதுரை மறைப்பணித்தளத்தில் உழைத்த அவர், மரியாவுக்கு இங்குப் பெரியநாயகி என்று பெயரிட்டார். விருத்தாசலம் கோயில் அம்மைக்கும் பெரியநாயகி என்னும் பெயர் உண்டு. வீரமாமுனிவர் கொண்டுவந்த சுரூபம் காட்டில் தவறிப்போக, அது கண்டெடுக்கப்பெற்று வணங்கப்பட்டதாகவும், மக்கட்பேறின்றி வருந்திய பாளையக்காரர் கச்சிராயர் அதன் அருளால் மகவு பெற்றுக் கோயில் எழுப்பியதாகவும் மரபு கூறுகிறது. தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் மற்றொரு சுரூபத்தை முனிவர் மணிலாவில் செய்வித்தார் என்பதும் அம்மரபின் பகுதி.

தூத்துக்குடி மரபைப் போலன்றி, இங்கு மணிலா என்னும் செய்தியில் காலமுரண் இல்லை. 17 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் சென்னைக்கும் மணிலாவுக்கும் இடையே துணி வணிகம் செழித்தது. ஸ்பானியர் ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரருக்கும் மணிலாவை மூடியிருந்தமையால் ஆர்மீனியர், இந்தோ-போர்த்துக்கேயர் ஆகியோர் பெயரில் கப்பல்கள் சென்றன. சோழமண்டலத் துணி மணிலா வழியாக மெக்சிகோவின் ஆகாப்புல்கோ துறைக்குச் சென்றது. மெக்சிகோ வெள்ளி மணிலா வழியாகச் சென்னைக்கு வந்தது. இவ்வழியில் ஒரு சுரூபம் வருதல் முற்றிலும் இயல்வதே. ஒரே ஊர்ப்பெயர் ஒரு மரபில் முரணாகவும் மற்றொன்றில் பொருந்துவதாகவும் அமைவதால், ‘மணிலா மரபு’ என்று இரண்டையும் ஒரே கூடையில் இட்டு ஏற்பதோ மறுப்பதோ முறையன்று.

இழந்து கண்டெடுத்த கதையும் ஒப்பிட்டு நோக்கற்குரியது. மெக்சிகோ நகரை அடுத்த லோஸ் ரெமேதியோஸ் அன்னையின் சிறிய மரச் சுரூபத்தை ஸ்பானியப் படையினர் கொண்டுவந்தனர். 1520 இல் ஆஸ்தெக்கரிடம் தோற்றோடியபோது அது கைவிடப்பட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப்பின் அந்நிலத்துப் பூர்வகுடித் தலைவர் ஒருவர் அதனை ஒரு கற்றாழைப் புதரடியில் கண்டார் என்பது அங்குள்ள மரபு. செபு நகரில் மகெல்லன் 1521 இல் அளித்த குழந்தையேசு மரச் சுரூபம் 1565 இல் லெகாஸ்பியின் வீரரால் மீண்டும் கண்டெடுக்கப்பெற்றது. தமிழகத் தலபுராணங்களிலும் ஏர்முனையில் தட்டுப்பட்ட கல், பசு பால் சொரிந்த புற்று ஆகியன இதே கூறின் வடிவங்கள்.

இவ்வொற்றுமையைக் கண்டவுடன் கோணான்குப்ப மரபை ‘பொதுக் கதைக்கூறு’ என ஒதுக்குதல் திறனாய்வின் பாதி வேலையே. அக்கூறு அங்கு ஆற்றும் பணியையும் கேட்க வேண்டும். குரு ஒருவர் தம் கையால் பீடத்தில் வைத்த சுரூபம் குருவுக்கு உரியது. நிலத்தில் தானே தங்கி, நிலத்தவருக்கு வெளிப்பட்ட சுரூபம் நிலத்தவருக்கு உரியது. இழப்பும் கண்டெடுப்பும் ஆகிய இரு நிகழ்வுகளால் அயலிலிருந்து வந்த ஒன்று ஊரின் சொத்தாகிறது. அவ்வுரிமைக்குப் பாளையக்காரரின் மகப்பேறு சான்றொப்பம் இடுகிறது. ரெமேதியோஸ் மரபில் பூர்வகுடித் தலைவர் பெறும் இடமும் இதுவே. தோற்ற மரபு இவ்வாறு உரிமைப் பத்திரமாகத் தொழிற்படுகிறது. சுரூபம் எவ்வூரில், எவர் கையால் செய்யப்பட்டது என்பதைச் சொல்வது அதன் நோக்கமன்று. அதனிடம் அதைக் கேட்பது கேட்பவரின் பிழை.

வீரமாமுனிவரின் தேம்பாவணி மூன்று காண்டம், 36 படலம், 3615 பாடல்களில் வளன் என்னும் சூசையப்பரைத் தலைவனாகக் கொண்டது. விவிலியம் அவரைத் தச்சர் என்கிறது. தச்சர் ஒருவரைக் காப்பியத் தலைவனாக்கிய முனிவரின் பெயரோடு வழங்கும் சுரூபத்தின் தச்சர் யார் என்று மரபும் சொல்லவில்லை, ஆய்வும் கேட்கவில்லை.

செதுக்கியதும் உடுத்தியதும்

தமிழகச் சுரூபங்களைப் பண்பாட்டு ஏற்பின் சான்றாக வாசிப்போர் முகச்சாயல், சேலை, அணிகலன் ஆகியவற்றைச் சுட்டுவர். இவ்வாசிப்பில் செதுக்கப்பட்டதும் உடுத்தப்பட்டதும் வேறுபாடின்றிக் கலக்கின்றன. ஒரு சுரூபம் மரத்திலேயே சேலை மடிப்போடு செதுக்கப்பட்டிருந்தால் அது செய்வித்தவரின் கருத்து. பின்வந்தோர் துணிச்சேலை உடுத்தியிருந்தால் அது வழிபடுவோரின் செயல். முன்னது ஒரு முறை நிகழ்ந்தது. பின்னது ஆண்டுதோறும் நிகழ்வது.

மெக்சிகோ ஆய்வு இவ்வேறுபாட்டிற்குத் தனிப் பெயர்களே வைத்துள்ளது. முழுவதும் செதுக்கி வண்ணமிட்ட உருவம் ஒரு வகை. தலையும் கைகளும் மட்டும் செதுக்கப்பெற்று, உடல் வெறும் மரச்சட்டமாக நிறுத்தப்பெற்று, துணியால் நிறைவு பெறும் ‘உடுத்தும் உருவம்’ மற்றொரு வகை. ஒரு வகை மற்றொன்றாக மாற்றப்பட்டதும் உண்டு. மிச்சோவாகான் பகுதியில் பாட்சுக்குவாரோ நகரின் ஆரோக்கிய அன்னை சுரூபம் ஆயர் வாஸ்கோ தெ கிரோகாவின் ஏற்பாட்டில் 16 ஆம் நூற்றாண்டில் செய்யப்பெற்றது. மக்காச்சோளத் தண்டின் சோற்றையும் ஒருவகைப் பசையையும் கலந்து உருவமைக்கும் புரேபெச்சா மக்களின் முறையில் அது ஆனது. பிற்காலத்தில் விலையுயர்ந்த துணிகளை உடுத்துவதற்கு ஏற்ப அதன் வடிவம் செதுக்கி மாற்றப்பட்டது. பக்தி மிகுந்ததால் சுரூபம் வெட்டப்பட்டது என்னும் இச்செய்தி கூர்ந்து நோக்கத்தக்கது. வேளாங்கண்ணி அன்னையின் பட்டப்பெயரையே தாங்கிய அச்சுரூபத்தின் கதை, ஆடைக்கடியில் என்ன உள்ளது என்று அறியாமல் ‘தமிழ்மயம்’ என்று முடிவு கட்டும் ஆய்வுக்கு ஓர் எச்சரிக்கை.

எவர் செதுக்கலாம் என்பதும் அக்காலத்தில் விவாதிக்கப்பட்ட வினாவே. தூத்துக்குடி மரபு சுட்டும் அதே 1555 ஆம் ஆண்டில் கூடிய மெக்சிகோவின் முதல் மாநிலச் சங்கம், தேர்வு பெறாத எவரும், ஸ்பானியராயினும் பூர்வகுடியாயினும், திருவுருவம் எழுதலாகாது என்று விதித்தது. 1567 இல் கோவாவில் கூடிய முதல் மாநிலச் சங்கம் கிறித்தவ உருவங்களை இந்துக் கலைஞரிடம் செய்விப்பதைத் தடுத்தது. தடை விதிக்கப்படுவது வழக்கம் இருந்ததற்குச் சான்று. சுரூபத்தைச் ‘செய்தவர் அயலார், ஏற்றவர் உள்ளூரார்’ என்னும் எளிய பாகுபாடு இச்சான்றுகளின்முன் நிற்பதில்லை.

மரத்தின் சாட்சி

மெக்சிகோவின் மரப் புனிதர் உருவம் பல கைகளின் கூட்டு வேலை. தச்சர் மரத்தைச் செதுக்குவார். பிளவு ஏற்படாதிருக்க முதுகுப்புறத்தைக் குடைவார். இணைப்புகளின்மேல் துணி ஒட்டப்படும். பின்னர் சுண்ணமும் பசையும் கலந்த வெண்பூச்சு, அதன்மேல் செம்மண், அதன்மேல் தங்கத்தாள், தங்கத்தின்மேல் வண்ணம் என அடுக்குகள் ஏறும். வண்ணத்தைக் கூர்நுனியால் சுரண்டித் தங்கம் தெரியப் பூவேலை செய்வது ‘எஸ்தோஃபாதோ’. முகத்திற்கும் கைகளுக்கும் தசைநிறம் ஊட்டுவது ‘என்கார்நாசியோன்’. ‘ஊனுருவாதல்’ என்று பொருள்படும் இச்சொல் இறைமகன் மனிதவுரு எடுத்ததைக் குறிக்கும் இறையியற் சொல்லும் ஆகும். ஓவியருக்கு 1557 இலும், தச்சர், மரச்செதுக்கர் ஆகியோருக்கு 1568 இலும் மெக்சிகோ நகரில் தொழிற்கழக விதிகள் வகுக்கப்பெற்றன.

இவ்வடுக்குகள் ஒவ்வொன்றும் ஓர் ஆவணம். மெக்சிகால்ட்சிங்கோ ஊரின் சோளத்தண்டுக் கிறித்து உருவத்தின் உட்புறத்தில், பூர்வகுடியினரின் சித்திர எழுத்தில் அமைந்த பழைய வரிக்கணக்கு ஏடுகளின் துண்டுகள் இருந்தன. அவ்வுருவம் பற்றிய ஆய்வு 1949 இல் நூலாக வந்தது. 2014 இல் மெக்சிகோ தேசிய மானிடவியல், வரலாற்று நிறுவனத்தின் பாதுகாப்பு வல்லுநர்கள், சான் பார்த்தொலோ குவாவுட்லால்பன் ஊரில் உள்ள கிறித்துச் சுரூபத்தின் வாயில் இருப்பவை மெய்யான மனிதப் பற்கள் என்பதை ஊடுகதிர்ப் படத்தால் கண்டனர். பல நூற்றாண்டுகளாக மக்கள் கண்முன் இருந்த உருவங்கள், முறையாக விசாரித்தபோதே இவற்றைச் சொல்லின.

தமிழகச் சுரூபங்களைப் பற்றிய மணிலா வினாவும் இவ்வழியில் விசாரிக்கத்தக்கதே. மரத்தின் இனத்தை நுண்ணோக்கியால் அறியச் சிறு சிராய் போதும். பிலிப்பைன்சுச் சிற்பிகள் விரும்பிய பாட்டிகூலிங் மரம், கோவாவிலும் கேரளத்திலும் வழங்கிய தேக்கு, ஐரோப்பிய ஓக்கு ஆகியன இழையமைப்பில் வேறுபடுவன. முடிவு எதுவாயினும் தோற்ற மரபின் தகுதி குறைவதில்லை. அது உரிமையைப் பேசுகிறது, மரம் பிறப்பிடத்தைப் பேசுகிறது.

சேலம் சமவெளியின் மர அறிவு

மரத்தை விசாரிக்க ஆய்வுக்கூடம் மட்டும் போதாது. மரத்தை அறிந்த கை வேண்டும். அக்கை தமிழகத்தின் உள்நாட்டிலேயே உள்ளது. சேலம் மாவட்டத்தின் தம்மம்பட்டியிலும் பச்சைமலையை ஒட்டிய பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரிலும் மரச்சிற்பத் தொழில் வாழ்கிறது. இவ்விரு ஊர்ச் சிற்பங்களும் புவிசார் குறியீடு பெற்றவை. வாகை, தூங்குமூஞ்சி, மா, தேக்கு முதலிய மரங்களில் தெய்வ உருவங்களும் கோயில் வாகனங்களும் இங்குச் செதுக்கப்பெறுகின்றன. எம்மரத்தில் வைரம் பாய்ந்துள்ளது, எது வெயிலில் வெடிக்கும், எது உளிக்கு இணங்கும், எதில் பூச்சி விரைவில் ஏறும் என்பன தலைமுறை வழி வந்த அறிவு.

கத்தோலிக்கச் சுரூப ஆய்வில் இவ்வறிவு இதுவரை சான்றாக அழைக்கப்படவில்லை. 1930 இல் சேலம் மறைமாவட்டம் அமைந்த நிலப்பரப்பிலேயே இத்தொழில் இருந்தும், சுரூபத்தைப் பற்றி எழுதுவோர் தச்சரை நோக்கிச் செல்லாமல் மணிலாவை நோக்கியே செல்கின்றனர். பழைய சுரூபம் ஒன்றின் முதுகுக் குடைவையும் உளித்தடத்தையும் இணைப்பு முறையையும் கண்டு, இது ஒரே கட்டையில் செதுக்கிய மரபா, துண்டுகளை இணைத்த மரபா என்று கூற வல்லவர் உளி பிடிப்பவரே. ஆய்வாளரின் களப்பணிப் பட்டியலில் பங்குத்தந்தைக்கும் ஊர்ப் பெரியவருக்கும் அடுத்து மரச்சிற்பியின் பெயரும் இடம்பெறுதல் வேண்டும்.

புதுப்பித்தல் என்னும் இழப்பு

இவ்வாய்வு காலம் தாழ்த்தத் தக்கதன்று. திருவிழாவுக்கு முன் சுரூபத்திற்கு வண்ணம் பூசுவது பக்தியின் இயல்பான வெளிப்பாடு. முன்னாள் தாவர, கனிம வண்ணங்களின் இடத்தில் எனாமல் பூச்சு வந்ததும், ஒட்டாத பழைய பூச்சை உப்புத்தாளால் தேய்த்து நீக்கும் வழக்கம் புகுந்ததும் நிலைமையை மாற்றின. ஒரு பிற்பகலில் இருநூறு ஆண்டு அடுக்குகள் தூளாகக்கூடும். இதில் பகையோ அலட்சியமோ இல்லை. நேர்த்திக்கடன் செலுத்துவோரின் அன்பே இதனைச் செய்கிறது.

கோயில் மரபில் மரம் மூப்படைதற்கு இலக்கணம் உண்டு. மரத் திருமேனிக்கு நீர்த் திருமஞ்சனத்தை விலக்கித் தைலக்காப்பு இடுவர். பூரியில் வேப்பமரத் திருமேனிகள் நவகளேபரச் சடங்கில் மாற்றப்பெற்றுப் பழையன அடக்கம் செய்யப்பெறும். அண்மையில் அது 2015 இல் நிகழ்ந்தது. எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது, மாற்றியபின் பழையதை என் செய்வது என்பவற்றிற்கு அங்கு விடை உண்டு. சுரூபம் வெறும் சுட்டி என்னும் கோட்பாடு அத்தகைய இலக்கணத்தைத் தேவையற்றதாக்கிற்று. சுரூபம் ஈடற்றது என்னும் பக்தியோ அதனை என்றும் புதியதாகக் காண விழைந்தது. இவ்விரண்டின் நடுவே மரத்தின் மூப்புக்குக் காவல் இல்லாது போயிற்று.

மெக்சிகோவும் இவ்விழப்பிற்குத் தப்பவில்லை. 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் சான் கார்லோசு கலைக்கழகம் பரப்பிய புதுச்செவ்வியல் சுவைக்கு ஏற்ப, பொன்முலாமிட்ட மரப் பீட அமைப்புகள் பல கழற்றி எரிக்கப்பட்டுக் கற்பீடங்கள் எழுந்தன. அழித்தவர் சமய எதிரிகளல்லர். கோயிலை அழகுபடுத்த முனைந்தோரே. அதன்பின் வந்த வருத்தமே அந்நாட்டின் பாதுகாப்பு ஆய்வுக்கு ஒரு தூண்டுதலாயிற்று.

இரு நாடுகளிலும் 1972 ஆம் ஆண்டில் தொல்பொருட் சட்டங்கள் இயற்றப்பெற்றன. இந்தியச் சட்டப்படி நூறாண்டு கடந்த சிற்பம் தொல்பொருளாகும். சட்டம் திருட்டையும் கடத்தலையும் தடுக்க முயல்கிறது. பூசுகோலைத் தடுப்பது அதன் இயல்பன்று. அதனைச் செய்யவல்லது ஊரின் அறிவே. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் தொகுத்த ஏறத்தாழ 1,60,000 ஒளிப்படங்கள் தென்னிந்தியக் கோயில் சிற்பங்களுக்கு இன்று முதன்மைச் சான்றாக நிற்கின்றன. அத்தகைய தொகுப்பு மரச் சுரூபங்களுக்கும் தேவை. அதன் தொடக்கம் பெரும் பொருட்செலவை வேண்டுவதன்று: வண்ணம் பூசுமுன் நாற்புறமும் ஒளிப்படம், ஆடை மாற்றும் வேளையில் ஊரார் இசைவோடு அளவும் குறிப்பும், உதிரும் பூச்சுத் துணுக்கைத் தாளில் மடித்துத் தேதியிட்டு வைத்தல், பங்குக் கணக்கேடுகளில் வண்ணக்காரருக்கும் தச்சருக்கும் கொடுத்த கூலியைத் தேடிப் படியெடுத்தல். இந்நான்கும் ஒரு முனைவர் பட்ட மாணவரின் ஆற்றலுக்கு உட்பட்டவை.

முடிவுரை

தூத்துக்குடி மரபின் 1555 உம் மணிலாவும் ஒருங்கே பொருந்தா. எனினும் அம்மரபின் உறுப்புகள் 1546 அம்போயினா நிகழ்வில் வரலாற்று அடிப்படை பெறக்கூடும். கோணான்குப்ப மரபின் மணிலா வணிக வரலாற்றோடு பொருந்துகிறது. அதன் இழப்பும் கண்டெடுப்பும் ஊருரிமையை நிறுவும் கூறுகள். இவ்விரண்டும் சுரூபத்தைச் சூழ்ந்த சமூகத்தின் வரலாற்றைச் சொல்வனவே தவிர, சுரூபத்தைச் செய்த கையின் வரலாற்றைச் சொல்வன அல்ல. பின்னதை அறிய மரம், பூச்சு, குடைவு, இணைப்பு ஆகிய மெய்ச்சான்றுகளே வழி. மெக்சிகோவின் அனுபவம் அச்சான்றுகள் எத்துணை பேசும் என்பதையும், நன்னோக்கமுள்ள கைகளாலேயே அவை அழியக்கூடும் என்பதையும் ஒருங்கே காட்டுகிறது.

தோற்ற மரபை வாய்மொழி எத்தனை தலைமுறையும் கொண்டுசெல்லும், அச்சும் கொண்டுசெல்லும். தேய்த்து நீக்கிய வண்ண அடுக்கை மீட்க வழியில்லை. ஆகவே ஆய்வின் முன்னுரிமை மரத்தின்பால் திரும்புதல் வேண்டும். அடுத்த திருவிழாவுக்குச் சுரூபம் பீடத்திலிருந்து இறக்கப்படும் நாளில், வண்ணக்காரருக்கு முன்னதாக ஆய்வாளரும் மரச்சிற்பியும் ஊரார் இசைவோடு அங்கு இருத்தல் வேண்டும்.